இடப்பக்கத்து சீட்டு

புரட்டாசி 12, ஞாயிறு

இது என் வீட்டுக்காரரு வண்டி நோட்டு. முன்பக்கத்தில் இருந்து அவுக கையெழுத்து. எந்தத் தேதி எந்தச் சந்தை, எப்போது ஆயில் மாற்றினது, எந்த டயரில் காத்து குறைந்தது, எல்லாம் இருக்கிறது. ஆடி 19, திங்களோடு நிற்கிறது. ஆடி 20 செவ்வாய்க்கு எழுத அவுக இல்லை. நான் நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தினவள் நான். என் எழுத்து அவுக எழுத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

எழுதச் சொன்னது ஒர்க்ஷாப் ஜபருல்லா பாய். எங்கள் வேன் மிஸ்ஸிங் அடிக்கிறது. காலையில் கிளப்பினால் கொஞ்ச தூரத்துக்கு இஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது. உடம்பெல்லாம் குலுங்குகிறது. ஏத்தத்தில் இழுவை இல்லை. ஆனால் பாய் கடைக்கு ஓட்டிப் போய்ச் சேரும்போது ஒன்றும் தெரியாத மாதிரி ஓடுகிறது. மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது.

"ஏம்மா, என் வாசலுக்கு வந்தா இது நல்ல பிள்ளையா ஆயிருது. நான் என்னத்தைப் பாக்க? ஒரு நோட்டுல எழுதுங்க. என்னிக்கு வருது, எத்தனை மணிக்கு வருது, வெயிலா மழையா, ஏத்தமா எறக்கமா."

"எனக்கு எழுத்து அவ்வளவா வராது பாய்."

"இஞ்சினு தப்பு திருத்தவா போகுது? எழுதுங்கம்மா."

சரி, எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதி வைக்கிறேன். இந்தக் கோளாறு இன்று நேற்று வந்தது இல்லை.

ஆடி 20 அன்று செவ்வாய்ச் சந்தை. நைட்டி, உள்பாவாடை, துண்டு எல்லாம் தார்ப்பாயில் விரித்துப் போட்டாச்சு. பதினோரு மணிக்கு அவுக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாக. சட்டை நனைந்துவிட்டது. என் கொழுந்தன் வீரணன் அதே சந்தையில் வெங்காயம் போட்டிருந்தான். ஓடி வந்து அண்ணனைத் தூக்கி வேனில் இடப்பக்கத்து சீட்டில் உட்கார வைத்தான். நானும் ஏறப் போனேன். "வாயுவாத்தான் இருக்கும். மழை வர்ற மாதிரி இருக்கு, நீ சரக்கை நனைய விடாத" என்று அவுக சொன்னாக. நான் நின்றுவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிசம். அவர்கள் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. உசிரு வழியிலேயே போய்விட்டது. "வண்டி மிஸ்ஸிங் அடிச்சு ரெண்டு வாட்டி நின்னுருச்சு மதினி" என்றான் வீரணன்.

கடைசியாக வாயில் ஒரு மடக்குத் தண்ணி ஊற்ற நான் பக்கத்தில் இல்லை.

ஆக, அன்றைக்கே வேனில் கோளாறு இருந்திருக்கிறது. ரெண்டு வருசத்துக்கு முன்னால் இதை எங்களிடம் விற்ற போடி ஊர்க்காரன் தெரிந்துதான் விற்றிருக்கிறான். அதை பாய் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அப்புறம் அந்த ஆள் வாசலில் போய் நின்று கேட்பேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

காலை ஐந்தரை. விடிய விடியத் தூறல். மிஸ்ஸிங் உண்டு. ஐயனார் கோவில் ஏத்தத்தில் ரெண்டாவது கியரில்தான் ஏறியது. சந்தைக்குப் போய்ச் சேரும்போது சரியாகிவிட்டது. மத்தியானம் திரும்பும்போது மிஸ்ஸிங் இல்லை.

வீரணன் வந்து மூட்டை ஏற்றிக் கொடுத்தான். தினமும் வருவான். அவனிடம் வேன் சாவி ஒன்று இருக்கிறது. நான் வாசலுக்கு வருமுன்னே கதவைத் திறந்து வைத்திருப்பான்.

கயிறு கட்டும்போது கேட்டேன். "அன்னிக்கு எந்த இடத்துலப்பா வண்டி நின்னுச்சு?"

"அது எதுக்கு மதினி இப்ப? அந்தப் பக்கம் கயித்தை இழுங்க."

"பாய் கேட்பாரு."

"ஞாபகம் இல்ல."

கூடப் பிறந்தவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது வண்டி நின்ற இடம் ஒருத்தனுக்கு எப்படி மறக்கும்?

புரட்டாசி 15, புதன். அமாவாசை

மாடியில் காக்காய்க்கு வைத்தேன். ஒரு காக்காய் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "ஏதோ குறை இருக்கு போல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இருக்கட்டும். அவுக எங்கே சாப்பிடுறாக என்று எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததில் இருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் வேனில் அந்த இடப்பக்கத்து சீட்டில் ஒரு தட்டு வைக்கிறேன். அவுக துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல். தோசை, பணியாரம், மொச்சைக் குழம்பு ஊற்றின சோறு, அன்றைக்கு என்ன உண்டோ அது. ஒரு டம்ளர் தண்ணியும். காலையில் தட்டு காலியாக இருக்கும். ஒரு நாளும் மிச்சம் இல்லை. கருவேப்பிலை மட்டும் கிடக்கும். உசிரோடு இருந்தபோதும் கருவேப்பிலையை ஓரமாக ஒதுக்கி வைக்கிற ஆள்தான்.

வீரணன் வருமுன் போய்த் தட்டை எடுத்துவிடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பாய் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடாது.

புரட்டாசி 18, சனி

இன்று பாய் கடை. போகுமுன் சீட்டைத் தூக்கி உள்ளே கூட்டினேன். எங்கள் வேனுக்கு இஞ்சின் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. குப்பைதான் இருந்தது. அதில் எழுத ஒன்றும் இல்லை. ஈரத்துணி போட்டு நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் எடுத்துப் போனேன்.

பாய் சீட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "நாப்பது வருசத்துல இம்புட்டு சுத்தமான இஞ்சினை இப்பத்தாம்மா பாக்குறேன். இதுல இலை போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. எதற்கு அப்படிச் சொன்னார்? பார்த்திருப்பாரோ? இல்லை, சும்மா சொன்னதுதான்.

மூன்று பிளக்கையும் கழற்றி என் கையில் கொடுத்தார். "ரெண்டு பாருங்க, பிஸ்கெட் கலரு. இது ஒண்ணு மட்டும் கரி. மூணு பேரு சேந்து தூக்குற மூட்டையில ஒருத்தன் அப்பப்ப கையை விட்டுர்றான். யாருன்னு தெரியுது. ஏன் விடுறான்னு தெரியல."

"யாரோ விட வைக்கிறாக பாய். இதை வித்தானே, அந்த போடிக்காரன் உள்ள ஏதாவது பழசை மாட்டி ஏமாத்தியிருப்பான்."

"ஏம்மா, சந்தேகத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கெடைக்காது. ஒண்ணொண்ணா மாத்தித்தான் பாக்கணும்."

மூன்று பிளக்கும் புதுசு போட்டார். பெட்ரோல் பில்டரும் புதுசு.

புரட்டாசி 19, ஞாயிறு

மழை. புது பிளக். மிஸ்ஸிங் உண்டு.

புரட்டாசி 21, செவ்வாய்

சந்தையில் பாவாடை மூட்டையைப் பிரித்தால் மேலே கிடந்த ரெண்டு பாவாடையில் ஓட்டை. பக்கத்துக் கடை பேச்சிக்கனி, பாத்திரம் விற்கிறவள், எடுத்து விரித்து அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி சுருளியம்மா, காத்தோட்டத்துக்கு ஓட்டை போட்டுக் குடுக்கிறியா? நல்ல யோசனைதான், வெயிலுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பிறகு யோசித்தேன். உடம்பு முடியாமல் நேற்று சாயங்காலம் அந்த மூட்டையை இறக்காமல் வேனிலேயே விட்டுவிட்டேன். ஓட்டை பிளேடு போட்ட மாதிரி இல்லை, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கிறது. யாரோ கையால் கிழித்திருக்க வேண்டும். வேன் சாவி ரெண்டே பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

புரட்டாசி 23, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்று வீரணன் ஒரு ஆளைக் கூட்டி வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவியைச் சுற்றிக்கொண்டே வேனைச் சுற்றி வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாருப்பா இது?"

"வேனைக் கேக்குறாரு மதினி. நல்ல ஆளு. குடுத்துருவோம். நான் என் லோடு ஆட்டோவுல உங்க மூட்டையையும் போட்டுச் சந்தைக்குக் கொண்டு வந்துர்றேன். நீங்க ஏன் இந்த வண்டியோட மல்லுக்கட்டணும்?"

"உங்க அண்ணன் எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த வண்டி."

"இருக்கட்டும். நடுவழியில நின்னு, பின்னாடி ஒரு லாரி வந்தா?"

"நின்னா நிக்கட்டும். நீதான் நிக்கிற வண்டியை ஓட்டிப் பழகுனவனாச்சே."

அவன் முகம் செத்துவிட்டது. வெள்ளைச் சட்டை சாவி சுற்றுவதை நிறுத்திவிட்டான்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். தீபாவளிக்கு முந்தின செவ்வாய்ச் சந்தை வரைக்கும் நான் ஓட்டுவேன். அதற்குள் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் வேனைக் கொடுத்துவிட வேண்டும். நானே வாயால் ஒத்துக்கொண்டேன். வேன் போனால் நான் இன்னொருத்தர் வண்டியில் ஒண்டிக்கொண்டு போக வேண்டும். அது கூடப் பரவாயில்லை. வேன் போனால் அந்த சீட்டும் போய்விடும். சாயங்காலம் தட்டை எங்கே வைப்பேன்?

கோளாறு தீரக்கூடாது என்று யாருக்கு இருக்கும்? வேனை வாங்குகிறவனுக்கு இருக்கும். வாங்கித் தருகிறவனுக்கும் இருக்கும்.

புரட்டாசி 24, வெள்ளி

தட்டு வைத்த பிறகு ஒரு வேலை செய்தேன். சீட்டைத் தூக்குகிற கொக்கியில் கருப்பு நூலைக் கட்டி, சீட்டின் குறுக்கே இழுத்து, பெல்ட் மாட்டுகிற இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். யாராவது சீட்டைத் தூக்கி இஞ்சினில் கை வைத்தால் நூல் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது.

அவுகளுக்கு அது இடைஞ்சலாக இருக்காது. அவுக சீட்டைத் தூக்க வேண்டியது இல்லை.

புரட்டாசி 25, சனி

நூல் அறுந்து கிடக்கிறது. அதில் ஒரு சாண் நூலைக் காணவும் இல்லை. தட்டு காலி. கருவேப்பிலை கிடந்தது. அவுக துண்டின் ஓரமும் கொஞ்சம் பிசிறாக இருக்கிறது, பழைய துண்டுதான்.

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் வீரணன் வாசலில் நிற்கிறான். கையெல்லாம் எண்ணெய்.

"கையில என்னப்பா?"

"பின்கதவு கீச்சு கீச்சுங்குது மதினி. நேத்து சாயங்காலம் மறந்துட்டேன். இப்ப எண்ணெய் விடலாம்னு கொண்டு வந்தேன்."

கையில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கத்தான் செய்தது. கிண்ணம் எடுத்து வருகிறது ஒரு பெரிய காரியமா?

தட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அவன் பார்த்தானோ என்னவோ.

புரட்டாசி 26, ஞாயிறு

வீரணன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி, என் ஓர்ப்படியா, காபி கலக்கிக் கொண்டு வந்தாள். வாங்கவில்லை.

"சாவியைக் குடு."

"எதுக்கு மதினி?"

"நூல் கட்டி வெச்சுப் பாத்துட்டேன். என் வண்டியை நோண்டுறது யாருன்னு எனக்குத் தெரியும்."

ஓர்ப்படியாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஏக்கா, விடியக்காலம் எந்திரிச்சு வந்து உங்க மூட்டையைத் தூக்குன ஆளு. இடுப்பு வலிக்குத் தைலம் போட்டு விடுறது நானு. உங்களுக்கு இந்த வாய் எப்படி வருது?"

"அன்னிக்கும் இவன்தான் ஓட்டுனான். வண்டி நின்னுச்சுன்னான். எந்த இடம்னு கேட்டா ஞாபகம் இல்லங்கிறான். நின்னுச்சோ, நிறுத்துனானோ, யாரு கண்டா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயை விட்டு வந்துவிட்டது. வீரணன் என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன். அவன் ஆணியில் இருந்து சாவியை எடுத்து, என் கையில் வைத்து, உள்ளே போய்விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

குற்றம் இல்லாதவன் எதிர்த்துப் பேசுவான் இல்லையா?

புரட்டாசி 29, புதன்

நல்ல மழை. மிஸ்ஸிங் உண்டு. ரெண்டு சாவியும் என் இடுப்பில் இருக்கிறது. அப்படியென்றால் மூன்றாவது சாவி ஒன்று வெட்டி வைத்திருக்கிறான்.

மூட்டை ஐந்தையும் நானே ஏற்றினேன். கடைசி மூட்டையோடு நானும் உள்ளே விழுந்தேன். தெருவில் யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசி 2, ஞாயிறு

நாலு நாளாகச் சுள்ளென்று வெயில். நாலு நாளும் மிஸ்ஸிங் இல்லை. வீரணன் ஊரில் இல்லையாம், வெங்காயம் எடுக்கத் திண்டுக்கல் போயிருக்கிறானாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்று பணியாரம் வைத்தேன். எட்டு.

ஐப்பசி 4, செவ்வாய்

வீரணன் இன்னும் திண்டுக்கல்லில் இருந்து வரவில்லை. மழை வந்துவிட்டது. மிஸ்ஸிங்கும் வந்துவிட்டது.

ஐயனார் கோவில் ஏத்தத்தில் பாதியில் வண்டி குலுங்கி நின்றேவிட்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்கிறேன். பின்னால் செங்கல் லாரி. அவன் ஆரன் அடிக்கிறான், எனக்கு அழுகை வருகிறது. லாரிக்குப் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் இருந்து பேச்சிக்கனி இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டயருக்கு அடியில் கல்லைக் கொண்டு வந்து வைத்தாள்.

"அழாதடி. அழுதா வண்டி ஏறுமா? மூக்கைச் சிந்திட்டு மறுபடி சாவியைத் திருப்பு."

நாலாவது தடவை கிளம்பியது. அவளும் ஏறிக்கொள்ள வந்தாள், இடப்பக்கக் கதவைத் திறந்தாள். "அங்க உக்காராத!" என்று கத்திவிட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

வீரணன் திண்டுக்கல்லில் இருக்கிறான். சாவி என்னிடம் இருக்கிறது. அப்படியென்றால் யார்?

அடுத்த செவ்வாய்தான் கடைசிச் சந்தை.

ஐப்பசி 6, வியாழன்

பாய் கடை. இந்தத் தடவை சீட்டுக்கு அடியில் கூட்டவில்லை. அப்படியே கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"நோட்டைக் குடுங்கம்மா" என்றார் பாய்.

"நானே படிக்கிறேன் பாய்." மிஸ்ஸிங் வந்த நாள், வராத நாள் மட்டும் வாசித்தேன். தூறல், உண்டு. மழை, உண்டு. மழை, உண்டு. வெயில், இல்லை, இல்லை, இல்லை, இல்லை. மழை, உண்டு. வாசிக்கும்போதே எனக்கே கேட்டது. வீரணன் பெயர் அதில் எங்கேயும் பொருந்தவில்லை. மழைதான் பொருந்தியது.

பாய் எழுந்து ஷட்டரை இறக்கினார். கடைக்குள் இருட்டு. வேனைக் கிளப்பிவிட்டு, சீட்டைத் தூக்கி, செடிக்குத் தண்ணி அடிக்கிற பாட்டிலை எடுத்து இஞ்சின் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கையைப் பின்பக்கமாக நுழைத்து, ஒரு தகர மூடிக்கு அடியில் அடித்தார். அடித்ததுதான் தாமதம், இஞ்சின் திக்க ஆரம்பித்தது. தகரத்து ஓரத்தில் நீலமாக, குண்டூசி அளவுக்கு, பொறி பொறியாகத் துள்ளியது.

"பாத்தீங்களா? பிளக்குக்குப் போற கரண்டு நடுவுல தப்பிச்சு பாடிக்குப் போகுது. ஈரம் பட்டாத்தான் போகும். இஞ்சின் சூட்டுல காஞ்சுட்டா நல்ல பிள்ளை. இங்க வர்றதுக்குள்ள காஞ்சுருது."

இஞ்சினை நிறுத்தி, ஷட்டரைத் தூக்கி, அந்தத் தகரத்தைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இங்க வாங்கம்மா."

உள்ளே ஒரு கூடு. வெதுவெதுவென்று இருந்தது. கருப்பு நூல், ஒரு சாண். ரோஸ் கலர் பாவாடைத் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் மெத்தை மாதிரி அவுக துண்டின் பச்சைக் கரை, நார் நாராக. ஒரு ஓரத்தில் காய்ந்த பணியாரம் பாதி. நடுவில் ஆறு எலிக்குஞ்சு, கண் திறக்காமல், ஒன்றின் மேல் ஒன்று. பக்கத்தில் போகிற வயரில் வரிசையாகப் பல் தடம்.

"பிள்ளையாருக்கு எலி வாகனம்பாங்க. இந்த எலிக்கு உங்க வேன் வாகனமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வண்டிக்குள்ள திங்கிற சாமான் ஏதும் வெச்சீங்களாம்மா?"

நோட்டை அவர் கையில் கொடுத்தேன். அமாவாசைப் பக்கத்தைத் திறந்தே கொடுத்தேன். படித்தார். மெல்ல மூடினார். என்னைப் பார்க்காமல் இஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யாருக்கு வெச்சா என்னம்மா. பசிச்ச வாய்க்குத்தான் போயிருக்கு."

அப்போதுதான் கேட்டேன். "இந்தக் கோளாறுதான பாய் அன்னிக்கும்? ஆடியில?"

வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிச்ச இடம் புதுசு. ரெண்டு மாசம் இருந்தா அதிகம்." பிறகு நோட்டைத் திருப்பி முன்பக்கத்தைப் புரட்டினார். "உங்க வீட்டுக்காரரு வைப்பர் தேஞ்சதைக் கூட எழுதியிருக்காரு. ரெண்டு வருசத்துல மிஸ்ஸிங்னு ஒரு எழுத்து இல்லையேம்மா. ஆடியில வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு."

புது வயர் செட்டு மாட்டினார். கூட்டை முறத்தில் ஏந்தி, கடைக்குப் பின்னால் கல் இடுக்கில் வைத்தார். நான் வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் வண்டி நன்றாக ஓடியது.

ஐப்பசி 7, வெள்ளி

புரட்டாசி 18 அன்று சீட்டுக்கு அடியில் கூட்டினேனே, அது என்ன குப்பை என்று எனக்குத் தெரியும். எந்தப் பொம்பளைக்கு எலிப் புழுக்கை தெரியாது? முதல் வாரத்தில் இருந்தே தெரியும். அதை எழுதினால், அவுக வரவில்லை என்றும் எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் எழுதினேன்.

ஐப்பசி 8, சனி

வீரணன் திண்டுக்கல்லில் இருந்து வந்துவிட்டான் என்று தெரிந்து போனேன். வாசலில் உட்கார்ந்து வெங்காயச் சருகு உதறிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். ஓர்ப்படியா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வரவில்லை.

"எலிப்பா" என்றேன். "எலி வயரைக் கடிச்சிருக்கு. நாந்தான் வண்டிக்குள்ள சோறு வெச்சு வளத்திருக்கேன். உன்னைச் சொன்னது தப்பு."

"சரி விடுங்க மதினி."

"விட மாட்டேன். ஆடியில வண்டியில கோளாறே இல்லைன்னு பாய் சொல்லிட்டாரு. உங்க அண்ணன் நோட்டுலயும் இல்ல. அன்னிக்கு ஏன் வண்டி நின்னுச்சு?"

சருகை உதறின கையை வேட்டியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வண்டி நிக்கல மதினி. நாந்தான் நிறுத்துனேன்."

பிறகு சொன்னான். அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

"பாதி தூரம் போயிட்டோம். அண்ணன் திடீர்னு, 'வண்டியைத் திருப்புடா, அவளையும் கூட்டிட்டுப் போவோம்'னாரு. 'சரக்கு கெடக்கட்டும், அவளை விட்டுட்டு வந்துட்டேன்'னாரு. நான் மாட்டேன்னேன். ஸ்டியரிங்ல கை வெச்சுட்டாரு. நிறுத்தி சண்டை போட்டேன். அது ஒரு வாட்டி. கேக்கலை. திருப்பினேன். ஐயனார் கோவில் வளைவு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு. அப்புறம் பேச்சைக் காணோம். நிறுத்திப் பாத்தேன். அது ரெண்டாவது வாட்டி. மூச்சு லேசா இருந்துச்சு. மறுபடி ஆஸ்பத்திரிக்கே திருப்பி மிதிச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? உங்களைக் கூட்டத் திரும்பினதால போயிட்டாருன்னு நீங்க காலம் பூரா நினைப்பீக. பழியை வண்டி மேல போட்டேன். வண்டிக்கு வாயா இருக்கு? அதைப் பாக்கும்போதெல்லாம் அண்ணன் அந்த சீட்டுல சாஞ்சு கெடந்ததுதான் கண்ணுல நிக்குது. அதான் வித்துரலாம்னேன். வேற ஒண்ணும் இல்ல மதினி."

எனக்குக் கேட்க ஒன்றுதான் பாக்கி இருந்தது. "தண்ணி குடுத்தியாப்பா?"

"குடுத்தேன். அந்த வளைவுல வெச்சு. உங்க நீலப் பாட்டில்தான் வண்டியில கெடந்துச்சு. ஒரு மடக்கு உள்ள போச்சு."

அந்தப் பாட்டிலில் காலையில் தண்ணி பிடித்து வைத்தது நான்.

ஓர்ப்படியா காபி கொண்டு வந்து முன்னால் வைத்தாள். "இன்னிக்காவது குடிப்பீகளா, இதுலயும் நூலு கட்டிப் பாப்பீகளா?" என்றாள். குடித்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

விளக்கு வைக்கிற நேரம். தட்டைக் கழுவி அலமாரியில் வைத்தேன். துண்டில் மிஞ்சியதைத் துவைத்துக் காயப் போட்டேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

இதை முன்பக்கத்தில் எழுதுகிறேன். ஆடி 19-க்குக் கீழே கோடு போட்ட இடம் நிறையக் கிடக்கிறது.

வீரணன் ஐந்து மணிக்கே வந்துவிட்டான். அவன் சாவியை அவனிடமே கொடுத்தேன். அவன் வெங்காயத்தையும் நம் வேனிலேயே ஏற்றினோம். தீபாவளிக் கடைசிச் சந்தை, மூட்டை கூரை முட்டியது.

"நான் பின்னாடி மூட்டை மேல உக்காந்துக்கிறேன் மதினி."

"சீட்டு இருக்கும்போது எதுக்கு மூட்டை? இங்க உக்காரு."

இடப்பக்கத்து சீட்டில் ஓரமாக, கதவோடு ஒட்டி உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஐயனார் கோவில் வளைவில் வண்டி நின்றதும் பதறிவிட்டான். "என்ன மதினி, மறுபடியும் மிஸ்ஸிங்கா?"

நீலப் பாட்டிலைத் திறந்து நான் ஒரு மடக்குக் குடித்தேன். அவனிடம் நீட்டினேன். அவனும் குடித்தான். பிறகு சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே கிளம்பியது.

பாய்க்குக் காட்ட வேண்டியது:

காலை ஐந்தே முக்கால். மழை. முழு லோடு. ஏத்தம். மிஸ்ஸிங் இல்லை. ஐயனார் கோவில் வளைவில் வண்டி ரெண்டு நிமிசம் நின்றது. நான்தான் நிறுத்தினேன்.